22ஆம் எண் யாக் என்ன நிறம்? ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை விசாரித்த கதை

இரண்டாம் உலகப்போர் விமானங்களில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். சோவியத் யூனியனின் யாக்-9டி வகைச் சண்டை விமானங்கள் கூட்டாகப் பறக்கின்றன. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் விமானத்தின் உடலில் 22 என்று வெள்ளையில் பெரிதாக எழுதியிருக்கிறது. வெள்ளை விளிம்பு வைத்த நட்சத்திரம். மேல்புறம் முழுக்க இரண்டு சாயல்களில் அலை அலையாக உருமறைப்புப் பூச்சு. படத்தின் கீழ் வழக்கமாக வரும் குறிப்பு, இவை கருங்கடல் கடற்படையின் 6ஆவது கார்ட்ஸ் (போரில் சிறந்து விளங்கிய படைப்பிரிவுகளுக்குத் தரப்பட்ட பட்டம்) சண்டை விமான ரெஜிமெண்டைச் சேர்ந்தவை, இடம் கிரைமியா, ஆண்டு 1944 என்கிறது. 22ஆம் எண் விமானத்தை அப்போது அந்த ரெஜிமெண்டின் தளபதியாக இருந்த மிகயீல் அவ்தேயெவின் விமானம் என்று சொல்வதும் வழக்கம்.

படம் கறுப்பு வெள்ளை. ஆனால் இதே விமானத்தை நான் மூன்று விதமான வண்ணங்களில் பார்த்திருக்கிறேன். பழைய வண்ண ஓவியம் ஒன்றில் பச்சையும் கறுப்பும். இன்னொன்றில் பச்சையும் பழுப்பும். பிறகு வந்தவற்றில் நீலம் கலந்த சாம்பலும் அடர் சாம்பலும். மூன்றுக்கும் ஆதாரம் இதே ஒரே படம்தான். ஒரே படத்தைப் பார்த்து மூன்று பேர் மூன்று நிறம் சொன்னால், எங்கே யார் எதைக் கூட்டிச் சொன்னார்கள் என்று தேடத் தோன்றாதா? எனக்குத் தோன்றியது. அந்தத் தேடலைத்தான் முழுதாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தேக நபர்கள்

எந்த நிறமாகவும் இருக்கலாம் என்று தொடங்கினால் இந்த வேலை முடியவே முடியாது. சோவியத் தொழிற்சாலைகளில் என்னென்ன பெயின்ட் இருந்தது என்ற பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் ஒழுங்கான வழி. நல்லவேளையாக அந்தப் பட்டியல் நீளமானதல்ல.

போருக்கு முந்தைய சண்டை விமானங்கள் பல, மேலே பச்சையும் கீழே வெளிர் நீலமுமாக இருந்தன. வெள்ளி நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் இருந்தவையும் உண்டு. 1941 ஜூனில், ஜெர்மன் தாக்குதல் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்பு, எல்லா விமானங்களுக்கும் உருமறைப்புப் பூச்சு பூச வேண்டும் என்று பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டது. பச்சை மீது கறுப்புப் பட்டைகள் என்ற பூச்சு பரவலானது அந்தக் கோடையில்தான். பச்சைக்கு ஏஎம்டி-4, கறுப்புக்கு ஏஎம்டி-6, அடிப்புற வெளிர் நீலத்துக்கு ஏஎம்டி-7. இவை நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான, பளபளப்பு இல்லாத பூச்சுகள். மரப்பலகைக்கும் துணிக்கும் ஏற்றவை. உலோகப் பாகங்களுக்கு எண்ணெய் சார்ந்த தனி வரிசை இருந்தது: பச்சைக்கு ஏ-24எம், கறுப்புக்கு ஏ-26எம், நீலத்துக்கு ஏ-28எம்.

1943 ஜூலையில் இது மாறுகிறது. விமானத் தொழில்துறை அமைச்சகம் புதிய பூச்சு வரைபடங்களை வெளியிட்டது. சண்டை விமானங்களுக்கு ஏஎம்டி-11 என்ற நீலச்சாம்பலும், ஏஎம்டி-12 என்ற அடர் சாம்பலும். அடிப்புறம் பழைய வெளிர் நீலமே. இல்-2 போன்ற தாக்குதல் விமானங்களுக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் மட்டும் வெளிர் பழுப்பு, பச்சை, அடர் சாம்பல் என்று மூன்று நிறம். வெளிர் பழுப்பின் எண் ஏஎம்டி-1.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பச்சையும் கறுப்பும் தரையில் நிற்கும் விமானத்தை மேலிருந்து வருபவன் கண்ணுக்கு மறைக்கும். 1941இல் அதுதான் உயிர் போகும் பிரச்சினை. முதல் நாளிலேயே சுமார் 1,200 விமானங்கள் போயின, அவற்றில் பெரும்பகுதி தரையில் நின்றபடியே எரிந்தன என்று சோவியத் வரலாறே சொல்கிறது. 1943இல் நிலைமை தலைகீழ். சண்டை விமானம் இப்போது தாக்கப் போகிறது, காற்றில் மேகத்தோடும் மூட்டத்தோடும் கலந்து மறைய வேண்டும். அதற்குச் சாம்பல்தான் சரி. ஜெர்மன் விமானப்படை இதே முடிவுக்கு 1941 வாக்கிலேயே வந்து, தன் சண்டை விமானங்களைச் சாம்பலுக்கு மாற்றியிருந்தது.

ஆகவே நம் படத்துக்கு இரண்டே சந்தேக நபர்கள்: பச்சை-கறுப்பு, சாம்பல்-சாம்பல். பச்சை-பழுப்பு என்று வரைந்தவர்களுக்கு எந்த உத்தரவும் துணை இல்லை. ஏஎம்டி-1 பழுப்பு இருந்தது உண்மை, ஆனால் அது இல்-2 மாதிரி விமானங்களுக்கானது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு யாக்-9டி மீது அது வருவதற்குக் காரணம் எதுவும் கிடையாது.

தேதி என்ன சொல்கிறது?

கிரைமியாவின் செவஸ்தபோல் நகரம் ஜெர்மானியரிடமிருந்து 1944 மே 9 அன்று மீட்கப்பட்டது. படம் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. உத்தரவு வந்ததோ 1943 ஜூலை. பத்து மாதம் கழிந்துவிட்டதே, அப்படியானால் சாம்பல்தான், கடையைக் கட்டலாம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் தவறு.

யாக்-9டி உற்பத்தி தொடங்கியது 1943 வசந்த காலத்தில். டி என்பது நீண்ட தூரம் என்ற பொருள் தரும் ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. இறக்கைகளில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்த வகை. கடலுக்கு மேல் தொலைவு போக வேண்டிய கடற்படை ரெஜிமெண்டுகளுக்கு இது பொருத்தமான விமானம். ஆனால் வசந்தத்தில் தொடங்கி ஜூலை வரை செய்யப்பட்டவை பழைய பச்சை-கறுப்பில்தான் வெளியே வந்திருக்கும். உத்தரவு வந்த மறுநாள் காலையிலேயே எந்தத் தொழிற்சாலையும் பழைய டப்பாக்களைத் தூக்கி எறியாது. போர்க்காலத்தில் இருக்கும் பெயின்டைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார்கள். ஆகவே 1944 மேயில் பறக்கும் ஒரு யாக்-9டி, கோட்பாட்டளவில், இரண்டில் எதுவாகவும் இருக்க முடியும். முன்னணிச் சண்டை விமானத்தின் ஆயுள் குறைவு என்பதால் சாம்பல் பக்கம் தராசு சாய்கிறது. அவ்வளவுதான் தேதியை வைத்துச் சொல்ல முடியும். மீதியைப் படம்தான் சொல்ல வேண்டும்.

படம் சொல்லாத விஷயம்

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த அளவு நம் கண் பார்க்கும் அளவு இல்லை, ஃபிலிம் பார்க்கும் அளவு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம்கள் புழங்கின. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் நீலத்தையும் பச்சையையும் பார்க்கும். சிவப்பு அதற்குத் தெரியாது. பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும், ஆனாலும் நீலத்தின் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுக்கும், மேகம் எடுப்பாகத் தெரியும். விமானத்தை வானப் பின்னணியில் எடுப்பவர்கள் இதை அடிக்கடி செய்வார்கள்.

நம் வீட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை எடுத்துப் பாருங்கள். பாட்டி நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருப்பார். சில படங்களில் அது மை வைத்தது போலக் கன்னங்கரேல் என்று இருக்கும். வேறு சிலவற்றில் மங்கலான சாம்பல் வட்டம். குங்குமம் மாறவில்லை, ஃபிலிம் மாறியிருக்கிறது. சோவியத் விமானத்தின் மேலிருக்கும் சிவப்பு நட்சத்திரமும் அதே குங்குமப் பொட்டுதான். நட்சத்திரம் சிவப்பு என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். படத்தில் அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்தால் ஃபிலிமின் குணம் பிடிபடும். அதனால் எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது நட்சத்திரத்தைத்தான், விமானத்தை அப்புறம்தான்.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எளிய வழி. ஒரு குங்குமச் சிமிழ், கறிவேப்பிலைக் கொத்து, நீலத் துணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து செல்போனில் படம் எடுங்கள். பட எடிட்டரில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, சிவப்பு, பச்சை, நீல அளவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறையுங்கள். இலையும் குங்குமமும் ஒரு கட்டத்தில் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பை முழுக்க அணைத்தால் குங்குமம் கறுப்பாகும், நீலத் துணி வெளுக்கும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்து பார்த்த பிறகு எந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பார்த்த மாத்திரத்தில் இது பச்சை என்று சொல்ல வாய் வராது.

இதை யாக் மேல் பொருத்திப் பார்ப்போம். ஏஎம்டி-11இல் நீலம் கலந்திருக்கிறது. சிவப்பைப் பார்க்காத ஃபிலிமில் அது கண்ணுக்குத் தெரிவதைவிட வெளுத்து விழும். ஏஎம்டி-12 அடர் சாம்பல் இருந்த இடத்திலேயே இருக்கும். விளைவு, இரண்டுக்கும் இடையே உண்மையில் இருந்ததைவிடப் பெரிய வேறுபாடு. பழைய ஓவியர்கள் பச்சை-கறுப்பு என்று முடிவு கட்டியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எடுப்பான வேறுபாட்டைப் பார்த்திருப்பார்கள், எடுப்பான இரண்டு நிறங்களைப் போட்டிருப்பார்கள்.

பிரதிகளால் வரும் கேடு வேறு. மூல நெகட்டிவிலிருந்து ஒரு பிரின்ட், அதைப் படம் எடுத்து ஒரு பத்திரிகை, பத்திரிகையை ஸ்கேன் செய்து ஒரு கோப்பு, கோப்பை யாரோ எடுப்பாக்கி மறுபடி ஒரு கோப்பு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இடைப்பட்ட சாம்பல்கள் இறந்துபோகும். இருட்டு கறுப்பாகும், வெளிச்சம் வெள்ளையாகும். இந்த யாக் படத்தின் பல பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒன்றில் அடர்பட்டை தார் பூசியது போல இருக்கும், இன்னொன்றில் லேசான நிழல் போல இருக்கும். எடுப்பான பிரதிதான் கண்ணுக்கு அழகு. ஆய்வுக்கு அது ஆகாது. மங்கலாக, உப்புச் சப்பில்லாமல் தெரிகிற பிரதியில்தான் தகவல் மிச்சம் இருக்கும்.

அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: நெகட்டிவ் திருப்பிப் போடப்பட்டதா? இங்கே எண்கள் நேராகப் படிக்க முடிவதால் அந்தச் சிக்கல் இல்லை. எண்ணோ எழுத்தோ இல்லாத படங்களில் இந்தத் தவறு எத்தனையோ முறை நடந்திருக்கிறது, இடது பக்கப் பூச்சு வலது பக்கம் போய்விடும்.

புகைக்கரி என்ற சாட்சி

சரி, ஃபிலிமும் பிரதியும் இவ்வளவு ஏமாற்றுமென்றால் எதை நம்புவது? இங்கேதான் இந்த வழக்கு எனக்குத் திறந்தது.

எந்த ஃபிலிமாக இருந்தாலும், எந்த ஃபில்டர் போட்டாலும், கறுப்பு கறுப்புதான். பச்சை ஏமாற்றலாம், நீலம் ஏமாற்றலாம், சிவப்பு நிச்சயம் ஏமாற்றும். கறுப்பு எந்த நிற வெளிச்சத்தையும் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் ஃபிலிமின் பாசமும் பகையும் அதைத் தொடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வெளிர்பட்டை பச்சையா நீலச்சாம்பலா என்பதல்ல. அடர்பட்டை கறுப்பா, கறுப்பில்லையா? அவ்வளவுதான். கறுப்பென்றால் அது ஏஎம்டி-6, அதன் ஜோடி பச்சை. கறுப்பில்லை என்றால் அது ஏஎம்டி-12, அதன் ஜோடி நீலச்சாம்பல்.

ஆனால் விமானத்திலிருந்து விமானத்தைப் படம் எடுக்கும்போது இடையில் காற்றும் மூட்டமும் இருக்கின்றன. தூரத்தில் உள்ள கறுப்பு சாம்பலாக வெளுக்கும். பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் வெயிலில் சாம்பல் பூத்தது போலத் தெரியும், பழசானால் இன்னும் வெளுக்கும். அதனால் அடர்பட்டையைப் படத்தின் ஓரத்தில் இருக்கும் கறுப்போடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே விமானத்தில், அதே தூரத்தில், அதே வெயிலில் இருக்கும் உறுதியான கறுப்பு ஒன்று வேண்டும்.

யாக்கில் அது தயாராக இருக்கிறது. மூக்கின் பக்கவாட்டில் என்ஜினின் புகைக்குழாய்கள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்னால் உடலோடு ஒட்டிப் புகைக்கரி படிந்திருக்கும். நம் வீட்டு விறகடுப்புச் சுவரில் படிகிற அதே கரி. அதற்கு மேல் கறுப்பு எதுவும் விமானத்தில் இல்லை. அடிப்பக்கக் காற்று உள்ளிழுக்கும் வாயின் உள்நிழல் இன்னொரு சாட்சி.

இப்போது நல்ல பிரதியைப் பெரிதாக்கிக்கொண்டு கண்ணைப் புகைக்குழாய்ப் பகுதியிலிருந்து மெதுவாகப் பின்னால் நகர்த்துங்கள். குழாய்கள், அவற்றின் இடைவெளி நிழல்கள், கரிப்படிவு, பிறகு உருமறைப்பின் அடர்பட்டை. ஏஎம்டி-6 கறுப்பாக இருந்தால் கரி அந்தப் பட்டையில் கலந்து காணாமல் போக வேண்டும். இங்கே அடர்பட்டை, கறுப்பு நிழல்களுக்கு ஒரு படி மேலேயே நிற்கிறது. இருட்டுதான், ஆனால் கறுப்பில்லை. முதல்முறை இதைப் பார்த்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

இரண்டாவது இடம் வால் பக்கம். மேல்புறப் பூச்சும் அடிப்புற வெளிர் நீலமும் உடலின் பக்கவாட்டில் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. இரண்டும் அங்கே ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் ஒப்பிடத் தோதான இடம். வெளிர்பட்டை பச்சையாக இருந்தால், நீலத்தைக் கொண்டாடுகிற ஃபிலிமில் கீழே உள்ள நீலம் நன்றாக வெளுத்து, மேலே உள்ள பச்சை பின்தங்கி, கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். நீலச்சாம்பலாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே வெளுக்கும், கோடு மென்மையாகும். இதை நான் துணைச் சாட்சியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அடிப்புறத்தில் நிழல் எவ்வளவு, தரையிலிருந்தோ கடலிலிருந்தோ மேலே அடிக்கும் ஒளி எவ்வளவு என்பதெல்லாம் இதில் விளையாடும். கரிச் சோதனை தனியாகவே நிற்கும். இது தனியாக நிற்காது.

ஒரு பொறி பற்றியும் சொல்ல வேண்டும். யாக்கின் உடல் பின்பக்கம் மரப்பலகையும் துணியும், மூக்குப் பக்கம் உலோகத் தகடு. இரண்டுக்கும் பூசியது வெவ்வேறு வகைப் பெயின்ட். ஒன்று நைட்ரோ, ஒன்று எண்ணெய். வெயிலிலும் மழையிலும் இவை ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. அதனால் மூக்கில் இருக்கும் சாம்பலும் உடலில் இருக்கும் சாம்பலும் படத்தில் இரண்டாகத் தெரியலாம். அதைப் பார்த்து மூன்றாவது நிறம் ஒன்று இருக்கிறது என்று எழுதினால் அடுத்து வருபவர்கள் அதை நம்பி வரைவார்கள். பச்சை-பழுப்பு ஓவியம் பிறந்தது இப்படி ஒரு கணக்கில்தான் என்பது என் ஊகம்.

மற்ற படங்களில் இந்த முறை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தத் துறையில் செல்லாது. ஒரு விமானத்துக்குச் சரியாக வந்த முறை அடுத்ததற்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் வேறு சில படங்களிலும் இதைப் போட்டுப் பார்த்தேன்.

1941 கோடையில் ஜெர்மன் சிப்பாய்கள் எடுத்த படங்கள் ஏராளம். கைப்பற்றிய விமானத் தளங்களில் நொறுங்கிக் கிடக்கும் ஐ-16, ஐ-153, மிக்-3 விமானங்களின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க மனம் கனக்கிறது, அந்த விமானங்களின் பக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அன்று மாலையைப் பார்த்தார்களோ. ஆனால் ஆய்வுக்கு இவை பொக்கிஷம். அருகிலிருந்து, தரையில், நல்ல கேமராவில் எடுத்தவை. இன்னொரு வசதி, சிப்பாயின் சீருடையே ஒரு ஒப்பீட்டு அட்டை. ஜெர்மன் தரைப்படைச் சீருடையின் சாம்பல் பச்சை நமக்குத் தெரிந்த நிறம். அவன் சட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் விமானப் பச்சை, சட்டையைவிட இருட்டா வெளிச்சமா என்று நேராகப் பார்த்துவிடலாம்.

இந்தப் படங்களில் மாட்டிக்கொள்வது வெள்ளிப் பூச்சுதான். அலுமினியத் தூள் கலந்த பூச்சு பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். ஒரே ஐ-153இன் மேல் இறக்கை வெள்ளையாகவும் உடல் இருட்டுச் சாம்பலாகவும் விழுந்திருப்பதைப் பார்த்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்று எழுதிவிடுவார்கள். அதே விமானத்தை வேறு கோணத்தில் எடுத்த இரண்டாவது படம் கிடைக்கும் வரை வெள்ளியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி.

முறை முட்டிக்கொண்டு நின்ற இடம் 1942 மார்ச் 7இன் மிக்-3 படங்கள். மாஸ்கோவைக் காத்த 120ஆவது சண்டை விமான ரெஜிமெண்டுக்கு 12ஆவது கார்ட்ஸ் ரெஜிமெண்ட் என்ற பெருமை வழங்கப்பட்ட விழா. வரிசையாக நிற்கும் மிக்-3கள் குளிர்கால வெள்ளைப் பூச்சில், பக்கவாட்டில் தாய்நாட்டுக்காக, ஸ்டாலினுக்காக என்ற முழக்கங்களோடு நிற்கின்றன. வெள்ளைக்குப் பயன்பட்டது எம்கே-7 என்ற, வசந்தம் வந்ததும் கழுவி எடுக்கக்கூடிய சுண்ணாம்பு மாதிரியான பூச்சு. அந்த வெள்ளை விமானங்களின் இறக்கை வெளிப்பகுதிகள் மட்டும் இருட்டாக இருக்கின்றன. சிவப்பு என்பது பலருடைய கருத்து. பனியில் இறங்கிவிட்ட விமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்ற காரணமும் நியாயமாகவே படுகிறது. நட்சத்திரத்தின் சாம்பலோடு இறக்கையின் சாம்பல் ஒத்துப்போவது இந்தக் கருத்துக்கு வலு. ஆனால் கறிவேப்பிலையையும் குங்குமத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை பூசாமல் விட்ட அடர் பச்சையும் அதே சாம்பலாக விழ முடியும். கறுப்பா இல்லையா என்று கேட்டுத் தப்பிக்கும் வழி இங்கே கிடையாது, இரண்டு சந்தேக நபர்களுமே கறுப்பில்லை. நான் சிவப்பின் பக்கம் நிற்கிறேன், ஆனால் யாக்-9 அளவுக்குத் துணிந்து கையெழுத்துப் போட மாட்டேன்.

வண்ணப் படம் இல்லையா?

இதைப் படிக்கும்போது உங்களுக்குள் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இருக்கிறது, ஆனால் உதவாது. சோவியத் சிவப்பு நட்சத்திரத்தோடு இருக்கும் அழகான கோடாக்குரோம் (அக்கால வண்ண ஃபிலிம்) படங்கள் அலாஸ்காவின் லேட் ஃபீல்ட் விமானத் தளத்தில் எடுக்கப்பட்டவை. அங்கிருந்து சைபீரியா வழியாக ஏறக்குறைய 8,000 அமெரிக்க விமானங்கள் சோவியத் யூனியனுக்குப் போயின. அந்தப் படங்களில் இருக்கும் பெயின்ட் அமெரிக்கத் தொழிற்சாலையின் ஆலிவ் பச்சை. நட்சத்திரச் சிவப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க உதவும், ஏஎம்டி-11 பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

அருங்காட்சியக விமானங்களும் அப்படித்தான். மாஸ்கோவுக்கு வெளியே மோனினோவில் இவான் கொஜெதுப் ஓட்டிய லா-7, 27ஆம் எண்ணோடு நிற்கிறது. 62 வெற்றிகள் பெற்றவரின் விமானம், நேரில் நிற்பதே பெரிய விஷயம். ஆனால் எண்பது ஆண்டுகளில் மறுபடி மறுபடி பெயின்ட் கண்ட விமானம் அது. அதன் மேல் இன்று தெரியும் சாம்பல், யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு கடைசியாகக் கலந்த சாம்பல்.

நம்பத்தக்க நிறச் சாட்சிகள் இரண்டுதான். 1948இல் தொகுக்கப்பட்ட சோவியத் வண்ண மாதிரி ஏட்டின் பூச்சு மாதிரிகள் ஒன்று. சதுப்பிலும் ஏரியிலும் விழுந்து, வெளிச்சம் படாமல் கிடந்து, பின்னாளில் வெளியே எடுக்கப்பட்ட விமானத் துண்டுகள் மற்றொன்று. துண்டுகளில்கூட வெளியே தெரிகிற பரப்பைப் பார்க்கக் கூடாது. பழைய பூச்சின் பிணைப்புப் பொருள் நாளாவட்டத்தில் மஞ்சளடிக்கும், நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை போலத் தெரியும். ஏஎம்டி-7 நீலத்தைப் பச்சைகலந்த நிறம் என்று சிலர் எழுதியது இப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு மூடியிருந்த இடத்தைத் திறந்து பார்த்தால், வெயிலே படாத உண்மை நிறம் ஒரு விரல் அகலத்துக்குக் கிடைக்கும்.

இப்போது கணினி தானாக வண்ணம் ஏற்றித் தரும் காலம். இந்த யாக் படத்தின் வண்ணப் பிரதியும் சுற்றுகிறது. அதில் விமானம் ஏதோ ஒரு ராணுவப் பச்சையில் இருக்கிறது. அந்த மென்பொருளுக்கு 1943 ஜூலை உத்தரவு தெரியாது, ராணுவ விமானம் என்றால் பச்சை என்று பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்கும் பிள்ளைகளுக்கோ அது போர்க்காலத்தில் எடுத்த வண்ணப் படமாகவே மனதில் நின்றுவிடும். இதைப் பகிர்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பக்கத்திலேயே மூலக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் போடுங்கள். வண்ணம் பின்னால் ஏற்றப்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள்.

முடிவு

22ஆம் எண் யாக்-9டியின் மேல்புறம் ஏஎம்டி-11 நீலச்சாம்பல், ஏஎம்டி-12 அடர் சாம்பல். அடர்பட்டை கறுப்பில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலிருந்து ஏஎம்டி-12க்குப் போவது உத்தரவையும் பெயின்ட் பட்டியலையும் நம்பி எடுத்து வைத்த அடி, அதுவும் உறுதியான அடிதான். வெளிர்பட்டை நீலச்சாம்பல் என்பது அதன் ஜோடி என்பதால் வந்தது; படம் மட்டும் தனியாக அதைச் சொல்லவில்லை. அடிப்புறம் ஏஎம்டி-7 வெளிர் நீலம், இது உத்தரவின் பேரில் மட்டும். நட்சத்திரம் சிவப்பு, வெள்ளை விளிம்பு, அதற்கு வெளியே மெல்லிய சிவப்புக் கோடு. எண் வெள்ளை.

1/48 அளவு மாடலுக்கு இந்தக் கணக்கில்தான் பெயின்ட் கலந்தேன். ஏஎம்டி-12ஐ ஏர்பிரஷில் அடித்துக் காய்ந்த பிறகு, புகைக்குழாய்களுக்குப் பின்னால் கறுப்புப் பொடியைத் தொட்டுத் தேய்த்தேன். கரி அடர் சாம்பலின் மேல் தனியாகத் தெரிந்தது. செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, 1944இன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மூக்கின் ஓரத்தில் இரண்டு படத்திலும் இருட்டின் படிகள் ஒரே வரிசையில் இறங்கின.